ஸ்கேன் முடிந்த பிறகுதான் வேலை: ஊர் ஆவணங்களைக் கணினியில் நீண்ட நாள் காப்பது எப்படி

வாசகசாலை, பள்ளி நூலகம், தொழிற்சங்க அலுவலகம், கோயில் அறக்கட்டளை என்று எந்த ஊரிலும் நாலு இடத்தில் பழைய மலர்களும் நோட்டீசுகளும் மினிட்ஸ் புத்தகங்களும் ஸ்டுடியோ படங்களும் கேசட்டுகளும் கிடக்கும். ஒரு கோடை விடுமுறையில் இளைஞர்கள் கூடி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்வார்கள். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். ஏழெட்டு வருஷம் கழித்துச் செருகிப் பார்த்தால் டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். கரையான் அரித்த காகிதத்தில்கூட மிச்சமுள்ள பத்தியைப் படித்துவிடலாம். கெட்ட கோப்பு பெரும்பாலும் முழுசாகத்தான் போகும், போனதே யாருக்கும் தெரியாது.

இரண்டு மூன்று பேர், ஒரு சாதாரணக் கணினி, ஒரு ஸ்கேனர், மூன்று ஹார்ட் டிஸ்க். இவ்வளவுதான் கைவசம் என்று வைத்துக்கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது. சர்வர் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் கட்டாயம் வேண்டும்.

முதலில் எதை எடுப்பது

அச்சில் நன்றாகப் பரவிய நூல்களைத் தொடாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனம் ஆகிய மூன்று இடத்திலும் தேடிப் பாருங்கள். அங்கே இருப்பதை நீங்கள் மறுபடி ஸ்கேன் செய்வது நேர விரயம். உங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் இருக்க வாய்ப்பில்லாதவைதான் உங்கள் வேலை: கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், நாடக நோட்டீசு, கூட்டுறவுச் சங்கத்தின் மினிட்ஸ், கருமாதிப் பத்திரிகை, கல்யாண வாழ்த்துமடல், கையெழுத்து இதழ்.

அவற்றிலும் எது சீக்கிரம் சாகுமோ அது முதலில். கேசட்டும் 2000-களில் ஸ்டுடியோக்காரர் எரித்துக் கொடுத்த சிடியும்தான் முன்வரிசை. எழுதக்கூடிய சிடியின் சாயப்படலம் நம் ஊர் வெக்கையில் நிறம் இழந்துவிடும். கேசட்டுக்கோ, ஓட்டிப் பார்க்க நல்ல டெக் கிடைப்பதே அரிதாகிவிட்டது. காகிதம் இன்னும் சில வருஷம் காத்திருக்கும்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1964-இல் இறந்தவரின் எழுத்து 2025 ஜனவரி 1 முதல் பொதுவுக்கு வந்துவிட்டது. இலங்கையில் இது 70 ஆண்டு. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர் என்றால் இந்தக் கணக்கே தேவையில்லை. லாப நோக்கில்லாத பொது நூலகம், தன்னிடம் ஏற்கெனவே உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்து வைக்க அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. சேமிப்பது ஒன்று, இணையத்தில் ஏற்றுவது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். பதிவு செய்யப்பட்ட குரல் என்றால் பாடியவரிடமோ குடும்பத்தாரிடமோ ஒரு பக்கச் சம்மதக் கடிதம் வாங்கி, அதையும் ஸ்கேன் செய்து ஒலிக்கோப்போடு வையுங்கள்.

இடக்கணக்கு போட்டுவிட்டு டிஸ்க் வாங்குங்கள்

டெம்மி அளவு மலர் ஒன்றின் பக்கம் சுமார் 5.5 அங்குலம் அகலம், 8.5 அங்குலம் உயரம். 400 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 400 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்தால் 2200 × 3400 புள்ளிகள். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு 3 பைட். ஆகப் பக்கத்துக்கு 22 எம்பி. அட்டையோடு 52 பக்கம் என்றால் ஒரு மலர் 1.2 ஜிபி-யை நெருங்கும். 300 மலர் இருந்தால் 350 ஜிபி. ஏ4 தாள் அதே 400 டிபிஐ-யில் 46 எம்பி. கேசட் ஒலி, 96 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் ஸ்டீரியோவில், மணிக்கு 2 ஜிபி-க்குச் சற்று மேல்.

வரும் தொகையை ஒன்றரையால் பெருக்குங்கள். அந்த அளவில் மூன்று டிஸ்க் வேண்டும். மூன்றையும் ஒரே கடையில் ஒரே நாளில் ஒரே மாடலாக வாங்காதீர்கள். ஒரே தொகுப்பில் தயாரானவை ஒரே குறையோடு, ஏறக்குறைய ஒரே சமயத்தில் மண்டையைப் போடுவது உண்டு. பென் டிரைவும் மெமரி கார்டும் எடுத்துப்போக மட்டும். மின்சாரம் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அவற்றின் சில்லில் தேங்கிய மின்னூட்டம் கசிந்து தகவல் அழியும். எஸ்எஸ்டி-க்கும் இதே கதைதான், ஆகவே பீரோவில் வைக்கச் சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்கே மேல். மலிவு விலையில் '2 டிபி' என்று விற்கும் பென் டிரைவுகளில் பல போலி. உள்ளே 32 ஜிபி-தான் இருக்கும், அதைத் தாண்டியதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும், ஆனால் கோப்புப் பட்டியல் மட்டும் ஒழுங்காகத் தெரியும்.

ஸ்கேன்: புள்ளி போகாமல் எடுப்பது

ஸ்கேனரில் இரண்டு வகை. தடிமனான உடம்போடு தனி மின்கம்பி உள்ளது பெரும்பாலும் சிசிடி, ஒல்லியாக யுஎஸ்பி கம்பியிலேயே ஓடுவது சிஐஎஸ். ஒல்லி வகைக்குக் கண்ணாடியில் ஒட்டிய பரப்பு மட்டுமே தெளிவாகத் தெரியும். பைண்டு செய்த மலரின் நடுமடிப்பு அதில் மங்கிப்போகும். தனித்தாளுக்கு அது போதும், கட்டிய நூலுக்கு சிசிடி வேண்டும், அல்லது நேர் மேலே ஸ்டாண்டில் கேமரா பொருத்தி எடுக்க வேண்டும். மடிப்பு சரியாக வருவதற்காகத் தையலைப் பிரிக்காதீர்கள். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஃபீடரில் பழைய தாளைப் போடவே கூடாது.

அமைப்பு இப்படி இருக்கட்டும்:

1. அச்சுப் பக்கம் 400 டிபிஐ, புகைப்படம் 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுப் படம் 1200 டிபிஐ.
2. எல்லாமே 24 பிட் வண்ணம், கறுப்பு வெள்ளை அச்சாக இருந்தாலும்.
3. கோப்பு வகை டிஃப் (TIFF) என்ற படவடிவம், சுருக்கம் எதுவும் வேண்டாம்.
4. ஷார்ப்பன், ஆட்டோ கிராப், தூசி நீக்கம், பின்னணி வெளுப்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.
5. தாளின் விளிம்பு நான்கு பக்கமும் தெரிய வேண்டும். முதல் படத்தில் ஒரு அளவுகோலை வைத்து எடுங்கள்.
6. மெல்லிய தாளில் மறுபக்க அச்சு தெரிந்தால் பின்னால் ஒரு கறுப்பு அட்டை வையுங்கள்.

இரண்டாவது அமைப்பில்தான் எல்லோரும் தகராறு செய்வார்கள். 'கறுப்பு வெள்ளையில் எடுத்தால் கோப்பு சின்னதாக இருக்குமே' என்பார்கள். இரு நிற ஸ்கேனில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று முழுக் கறுப்பு, இல்லையென்றால் முழு வெள்ளை. பழுத்த தாளில், தேய்ந்த ஈய எழுத்தில், மெய்யெழுத்தின் புள்ளி வெளிர் பழுப்பாகத்தான் இருக்கும். மென்பொருள் அதை வெள்ளை என்று தள்ளிவிடும். 'கண்டு' 'கணடு' ஆகிவிடும். கறுப்பையும் வெள்ளையையும் பிரிக்கும் எல்லையைக் கொஞ்சம் தளர்த்தினால் தாளில் உள்ள தூசியெல்லாம் புள்ளியாகி 'கடல்' 'கட்ல்' ஆகும். ஆங்கிலத்துக்கு ஓரளவு ஒத்துவரும் அமைப்பு தமிழை இப்படித்தான் படுத்தும். மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு புள்ளி போனால் ஆளின் பெயரே மாறிவிடும்.

ஜெராக்ஸ் கடைகளில் உள்ள பெரிய இயந்திரத்தில் 'சின்ன பிடிஎஃப்' என்று தேர்ந்தெடுப்பதும் ஆபத்து. சில சுருக்க முறைகள் ஒரே மாதிரி தெரியும் எழுத்து வடிவங்களை ஒன்றாகக் கணக்கிட்டு, ஒன்றின் படத்தையே மற்ற இடத்திலும் ஒட்டிவிடும். இப்படி 6 என்ற எண் 8 ஆக மாறிய விவகாரம் 2013-இல் வெளிச்சத்துக்கு வந்தது. பக்கம் பளிச்சென்று இருக்கும், எண் மட்டும் தப்பாக இருக்கும். தமிழில் ன, ள, ண எவ்வளவு நெருக்கம் என்று யோசித்துப் பாருங்கள்.

சுருக்கமில்லாத டிஃப் ஏன்? டிஸ்க்கில் ஓரிரு பைட் கெட்டால் அதில் நாலைந்து புள்ளிதான் நிறம் மாறும், பக்கம் படிக்கும்படி இருக்கும். சுருக்கிய கோப்பில் கெட்ட இடத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் கோடுகோடாகப் போய்விடலாம். வாசகர்களுக்குக் கொடுக்க ஜேபெக், பிடிஎஃப் எதை வேண்டுமானாலும் அதிலிருந்து எப்போதும் தயாரித்துக்கொள்ளலாம்.

புகைப்படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய பெயர், தேதி எல்லாம் அங்கேதான் இருக்கும். வீடுகளில் இருந்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொன்னால், 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், எடுத்த தேதி போன்ற விவரமும் உதிர்ந்துவிடும்.

கேசட்டுக்குச் சுருக்கமாக: முதலில் மேல் விளிம்பில் உள்ள இரண்டு தாழ்ப்பாளையும் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் பட்டன் அழுத்தினாலும் அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள், அடுத்த பத்துக் கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நல்லதாக இருந்தால் ஒருமுறை கடைசி வரை ஓட்டிச் சுற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஹெட்டைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். வேவ் (WAV) என்ற ஒலிக்கோப்பு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். கருவி ஒத்துழைக்காவிட்டால் 48-க்குக் கீழே போக வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பு. இரைச்சல் நீக்கத்தை மூலக்கோப்பில் செய்யாதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து உடுக்கையின் அதிர்வும் போய்விடும்.

கோப்புக்குப் பெயர்

தமிழ் ஆவணத்துக்குத் தமிழில் பெயர் வைப்பதுதான் நியாயம். ஆனாலும் கோப்பின் பெயரில் வேண்டாம். கணினியில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் 3 பைட், 'க்' என்றால் 6. லினக்ஸில் கோப்புப் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட் என்பதால் நாற்பது ஐம்பது எழுத்திலேயே முட்டிக்கொள்ளும். பழைய ஜிப் மென்பொருள்கள் தமிழ்ப் பெயரைக் குப்பையாக்கிவிடும். 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பழைய மேக் கணினிகள் பெயரைப் பிரித்தே வைக்கும். அங்கிருந்து வந்த கோப்பை விண்டோஸில் தேடினால் 'இல்லை' என்று சொல்லும், கண்ணெதிரே இருக்கும்.

ஆகவே ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், சிறுகோடு. வேறெதுவும் வேண்டாம், இடைவெளியும் கூடாது. வரிசை: தொகுப்பின் மூன்றெழுத்துச் சுருக்கம், நாலு இலக்க ஆண்டு, மூன்று இலக்க உருப்படி எண், நாலு இலக்கப் பக்க எண். பக்கம் 7 என்றால் 0007. சுழியம் போடாவிட்டால் 1, 10, 11, 2 என்று வரிசை கலைந்து, பிடிஎஃப் ஆக்கும்போது பக்கம் தாறுமாறாகிவிடும். பக்க எண் என்பது படத்தின் வரிசை எண். அச்சில் உள்ள எண் வேறாக இருக்கலாம், அட்டையையும் சேர்த்தே எண்ணுங்கள். தமிழ்ப் பெயர், நீளமான தலைப்பு எல்லாம் பட்டியலுக்குப் போகட்டும்.

பட்டியல்

ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு வரி. கட்டங்கள்: அடையாள எண், தலைப்பு, ஆசிரியர் அல்லது வெளியிட்டவர், இடம், மூலத்தில் உள்ள தேதி அப்படியே, பொது ஆண்டில் தேதி, பக்கம், மூலம் யாரிடம் உள்ளது, உரிமை நிலை, ஸ்கேன் செய்தவர், ஸ்கேன் தேதி, குறிப்பு. உலகம் முழுக்கப் பயன்படும் டப்ளின் கோர் என்ற 15 கட்ட முறையோடு இவை பெரும்பாலும் பொருந்தும். பிறகு பெரிய நூலகத்தோடு சேர வேண்டி வந்தால் சிரமம் இருக்காது.

தேதிக் கட்டம் இரண்டாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பழைய அழைப்பிதழில் 'பிலவ ௵ தை ௴' என்று மட்டும் இருக்கும். பிலவ 1901-இலும் வந்தது, 1961-இலும் வந்தது, 2021-இலும் வந்தது. தை மாதம் என்பதால் பொது ஆண்டில் ஒன்று கூடி 1902, 1962 அல்லது 2022 ஆகும். எது என்று தாள், அச்சகம், எழுத்து வடிவம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ணை, லை, னை பழைய கொம்போடும், றா, ணா, னா பழைய சுழியோடும் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தியது. ஆனால் சில அச்சகங்கள் அதன் பிறகும் பழைய அச்சையே ஓட்டின. தென்மாவட்டப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு வரும், 825 கூட்டுங்கள், மாதத்தைப் பொறுத்து ஒன்று குறையலாம். திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழியுங்கள். உங்கள் ஊகம் தவறாக இருந்தால் பின்னால் வருபவர் மூலத் தேதியைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். மூலத்தை அழித்துவிட்டு ஊகத்தை மட்டும் எழுதி வைத்தால் திருத்த வழியே இல்லை.

பட்டியலை எக்செல்லில் எழுதலாம். ஆனால் காப்பில் சிஎஸ்வி, அதாவது கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பு, வடிவமும் ஒன்று இருக்க வேண்டும். சேமிக்கும்போது வெறும் 'சிஎஸ்வி'-யைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறி வரிசையாக மாறிவிடும். அது எழுத்துருக் கோளாறு இல்லை, தகவலே அழிந்துவிட்டது, மீட்க முடியாது. 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கும், அதுதான் வேண்டும். சேமித்ததை நோட்பேடில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டே எக்செல்லை மூடுங்கள்.

பாமினியில் அடித்த பழைய கோப்புகள்

ஸ்கேனை விடச் சிக்கலான தொகுப்பு இதுதான், பலர் கண்டுகொள்வதே இல்லை. 1990-களிலும் 2000-களிலும் டிடிபி சென்டரில் அடித்த மலர், துண்டறிக்கை, சங்க அறிக்கை எல்லாம் பேஜ்மேக்கர், வேர்டு கோப்பாக ஏதாவது ஒரு சிடியில் இருக்கும். அவற்றில் இருப்பது கணினியைப் பொறுத்தவரை தமிழே இல்லை. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று அடித்திருந்தால் கோப்புக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, அதன் பின் ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். பாமினி போலவே டேப், டாம், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ஒதுக்கீடு. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக்குறி முறையான யுனிகோடைத் தமிழக அரசு 2010-இல்தான் தரமாக அறிவித்தது, அதற்கு முந்தைய அரசு ஆவணங்களிலும் இதே கலவையைப் பார்க்கலாம்.

செய்ய வேண்டியது:

1. மூலக்கோப்பை அப்படியே, பெயரையும் மாற்றாமல் ஒரு பிரதி வையுங்கள்.
2. அதில் பயன்பட்ட எழுத்துருக் கோப்பையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். எது என்று தெரியாவிட்டால் வேர்டில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் மேலே பெயர் காட்டும்.
3. எழுத்துரு நிறுவிய கணினியில் திறந்து, பிடிஎஃப்-ஏ வடிவில் ஏற்றுமதி செய்யுங்கள். ஐஎஸ்ஓ 19005 என்ற இந்தத் தரத்தில் எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்துவிடும். பக்கத்தின் தோற்றம் இதனால் நிலைத்துவிட்டது.
4. தேடுவதற்காக யுனிகோடுக்கு மாற்றி ஒரு எளிய உரைக்கோப்பு.

நாலாவதில் கவனம். மாற்றி மென்பொருள் ஆங்கிலச் சொல்லையும் பாமினி என்றே நினைத்து மாற்றும். நடுவே இருந்த ஆங்கிலப் பெயர், முகவரி எல்லாம் உளறலாகிவிடும். ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்பட்டிருக்கும், யுனிகோடிலோ பின்னால் வர வேண்டும். வரி மாறும் இடத்தில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் சிக்கிக்கொள்ளும். பத்துப் பக்கத்தையாவது கண்ணால் ஒப்பிடாமல் 'மாற்றியாச்சு' என்று எழுதாதீர்கள்.

கைரேகை

கோப்பு கெட்டதா இல்லையா என்று திறந்து பார்த்து எத்தனை பக்கத்துக்குச் சொல்ல முடியும்? அதற்குத்தான் செக்சம். கோப்பின் எல்லா பைட்டையும் ஒரு கணக்கில் ஓட்டினால் 64 எழுத்துள்ள ஒரு வரி வரும், எஸ்எச்ஏ-256 என்று பெயர். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த வரி முழுக்க வேறாகிவிடும். மனிதருக்குக் கைரேகை எப்படியோ கோப்புக்கு அது.

ஸ்கேன் முடிந்து, பக்கங்கள் எல்லாம் வந்துவிட்டதா என்று சரிபார்த்த அன்றே கைரேகை எடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து எடுத்தால், இடையில் கெட்டதையும் சேர்த்து 'நல்லது' என்று பதிவு செய்வதாகிவிடும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பேகர் என்ற இலவச மென்பொருள் இதை எளிதாக்கும். ஒரு உருப்படியின் ஃபோல்டரைக் காட்டினால், டேட்டா என்ற உட்ஃபோல்டரில் கோப்புகளையும், வெளியே ஒரு உரைக்கோப்பில் ஒவ்வொன்றின் கைரேகையையும் வைத்து ஒரு 'பை' கட்டிக் கொடுக்கும். பேகிட் என்ற பொது முறை அது. எந்த மென்பொருளும் இல்லாமல் போனாலும் நோட்பேடில் படித்துப் புரிந்துகொள்ளலாம். அதனால்தான் நமக்கு உகந்தது.

கட்டிய பையைத் தொடக்கூடாது. புதியவர்கள் சறுக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, விண்டோஸில் படத்தைப் பார்க்கும்போது சாய்வாகத் தெரிகிறதே என்று 'சுழற்று' பட்டனை அழுத்துவது. அந்த நொடியே கோப்பு மாற்றி எழுதப்படும், கைரேகை பொருந்தாது. சுழற்றுவது, வெட்டுவது எல்லாம் பை கட்டுமுன் முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு, கணினி தானாகப் போடும் மறைவுக் கோப்புகள். விண்டோஸும் மேக்கும் படச் சிறுவடிவத்துக்காகவும் ஃபோல்டர் தோற்றத்துக்காகவும் டேட்டா ஃபோல்டருக்குள் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும். பட்டியலில் இல்லாத கோப்பு வந்ததும் பை செல்லாது என்று பேகர் சொல்லும். உங்கள் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மறைவுக் கோப்பை மட்டும் நீக்கினால் சரியாகிவிடும்.

மூன்று, கட் பேஸ்ட். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நகர்த்தும்போது நடுவில் மின்சாரம் போனால் பாதி இங்கே, பாதி அங்கே. எப்போதும் காப்பி செய்யுங்கள், சேர்ந்த இடத்தில் கைரேகையைச் சரிபாருங்கள், அதன் பிறகே பழையதை அழியுங்கள். வெளி டிஸ்க் எக்ஸ்ஃபேட் (டிஸ்க்கில் கோப்பை அடுக்கும் முறைகளில் ஒன்று) முறையில் இருந்தால் இன்னும் கவனம். நடந்துகொண்டிருக்கும் வேலையைக் குறித்து வைக்கும் ஏற்பாடு அதில் கிடையாது, சொல்லாமல் பிடுங்கினால் ஃபோல்டரே காணாமல் போகலாம். விண்டோஸ் மட்டுமே பயன்படுத்துவோர் என்டிஎஃப்எஸ் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பிரதி, இரண்டு ஊர்

மூன்று பிரதி, அவற்றில் ஒன்றாவது வேறு ஊரில். முதல் பிரதி வேலைக் கணினியோடு இணைந்த டிஸ்க்கில். இரண்டாவது அதே கட்டடத்தில், மாடியில், கணினியில் இருந்து கழற்றிய நிலையில். மூன்றாவது வெளியூரில்.

1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கே மட்டுமே இருந்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் திரும்பவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் தரைத்தளத்தில் இருந்தவை எல்லாம் ஒரே இரவில் தண்ணீருக்குள். ஆகவே 'அடுத்த தெருவில் ஒரு பிரதி' என்பது கணக்கில் சேராது. ஒரே ஆற்றங்கரையில் உள்ள இரண்டு ஊரும் சேராது. கடலோரத்தில் இருப்பவர்கள் உள்நாட்டில் வைக்கலாம்: நாகப்பட்டினத்தில் உள்ளது மதுரைக்கு, தூத்துக்குடியில் உள்ளது கோயம்புத்தூருக்கு.

பீரோவில் வைக்கும் டிஸ்க்கை உறையோடு காற்றுப்புகா டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் வகை நல்லது, மாறியதும் புதிது போடுங்கள். டிஸ்க்கின் மேல் எண், வாங்கிய மாதம், உள்ளே உள்ள தொகுப்பின் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

கழற்றிய நிலை என்று சொன்னதற்குக் காரணம், கோப்பைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர். அது கணினியில் செருகியிருக்கும் எல்லா டிஸ்க்கையும் பூட்டும், இணைந்திருக்கும் கூகுள் டிரைவ் ஃபோல்டரையும் பூட்டும். இதே காரணத்தால் கூகுள் டிரைவை ஒரு பிரதியாக எண்ணுவோர் யோசிக்க வேண்டும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். இரண்டு ஆண்டு நுழையாத தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். செயலாளரின் சொந்தக் கைபேசி எண்ணில் திறந்த கணக்கு, அவர் பதவி மாறியதும் யார் கைக்கும் கிடைக்காமல் போகும். இணையச் சேமிப்பு நாலாவது பிரதியாக இருக்கட்டும், மூன்றில் ஒன்றாக வேண்டாம்.

வருஷத்தில் இரண்டு நாள்

தை மாதம் ஒரு நாள், ஆடி மாதம் ஒரு நாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்று டிஸ்க்கையும் எடுத்து, எல்லாப் பைகளின் கைரேகையையும் ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபி-க்குக் கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆகும். ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம், ஆனால் முடிவைப் படிக்காமல் மூடக்கூடாது.

ஒரு கோப்பு பொருந்தவில்லையா? பதறாதீர்கள், அழிக்கவும் செய்யாதீர்கள். மற்ற இரண்டு பிரதியிலும் அதே கோப்பைப் பாருங்கள். அவை பட்டியலோடு ஒத்துப்போனால், அவற்றில் ஒன்றிலிருந்து நல்லதை எடுத்து மாற்றுங்கள். மூன்றுமே ஒரே மாதிரி பொருந்தாமல் இருந்தால் டிஸ்க் கெடவில்லை. பை கட்டிய பிறகு யாரோ கோப்பைத் திருத்தி, அந்தத் திருத்தம் எல்லா இடத்துக்கும் போயிருக்கிறது. நோட்டைப் பார்த்தால் யார், எப்போது என்று தெரியும். ஒரே டிஸ்க்கில் நாலைந்து கோப்பு கெட்டிருந்தால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்த டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய செக்டர் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சிறு துண்டு), நிலுவைச் செக்டர் என்ற இரண்டு வரியில் எண் ஏறிக்கொண்டே போனால் அது இனி தேறாது, அன்றைக்கே புதியது வாங்குங்கள்.

கெடாமல் இருந்தாலும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை டிஸ்க்கை மாற்ற வேண்டும். மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றாமல், வெவ்வேறு வருஷங்களில் ஒவ்வொன்றாக மாற்றினால் செலவும் பிரிந்துவிடும். சரிபார்க்கும் நாளிலேயே ஒவ்வொரு கோப்பு வகையிலும் ஒன்றைத் திறந்து பாருங்கள். டிஃப், வேவ் பற்றிக் கவலையில்லை. பேஜ்மேக்கர் போன்றவைதான் எந்த வருஷம் திறக்காமல் போகும் என்று சொல்ல முடியாது. திறக்கும்போதே மாற்றி வைத்துவிடுங்கள்.

நோட்டைப் பற்றிச் சொல்லி முடித்துவிடலாம். கணினியில் வேண்டாம், கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு. இடப்பக்கம் டிஸ்க் எண், வாங்கிய தேதி, எங்கே யாரிடம் உள்ளது. வலப்பக்கம் சரிபார்த்த தேதி, எத்தனை பை, எத்தனை பிழை, என்ன செய்தோம், கையெழுத்து. முதல் பக்கத்தில் இந்த வழிமுறை முழுவதும் சுருக்கமாக, கணினி, இணையக் கணக்கு ஆகியவற்றின் கடவுச்சொல் வைத்த உறை எந்தப் பீரோவில் யாரிடம் என்பதோடு. டிஸ்க்கையே கடவுச்சொல் போட்டுப் பூட்டாதீர்கள், தெரிந்தவர் ஊர் மாறினால் எல்லாம் போனதுதான்.

இரண்டாம் வருஷம் ஒரு சோதனை வையுங்கள். இந்த வேலையில் இதுவரை கை வைக்காத ஒருவரிடம் நோட்டையும் வெளியூர் டிஸ்க்கையும் மட்டும் கொடுத்து, '1962 பள்ளி மலரின் 14-ஆம் பக்கத்தை எடுத்து, கைரேகை சரிபார்த்துக் காட்டுங்கள்' என்று சொல்லுங்கள். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ, நோட்டின் முதல் பக்கத்தில் அந்த வரியை மாற்றி எழுதுங்கள்.